ஒரே பிராட்பேண்ட் இணைப்பை இரண்டு கணினிகளுக்குப் பகிரும் முறை

வீட்டில் ஒரு கணினி மட்டும் இருக்கும்வரை பிராட்பேண்ட் இணைப்பைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதில்லை. சுவரிலிருந்து வரும் கம்பி ஒரு சிறு பெட்டிக்குள் போகிறது, பெட்டியிலிருந்து இன்னொரு கம்பி கணினிக்குப் போகிறது, இணையம் வந்துவிடுகிறது. இரண்டாவது கணினி வந்து சேரும் நாளில்தான் கேள்விகள் வரிசையாக எழுகின்றன. இன்னோர் இணைப்புக்குப் பணம் கட்ட வேண்டுமா? ஒருவர் வேலையை முடித்த பிறகு கம்பியைக் கழற்றி மற்றவர் கணினியில் மாட்ட வேண்டுமா? இரண்டும் தேவையில்லை. இருக்கும் ஒரே இணைப்பை இரண்டு கணினிகளும் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். அதற்கான கருவி பெரும்பாலும் ஏற்கெனவே வீட்டிலேயே இருக்கிறது.

இந்த வேலையில் கைவைக்கும் பலர் இடையில் சிக்கிக்கொள்வதற்குக் காரணம், இணைப்பைப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பை எந்தக் கருவி ஏற்றிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் தொடங்குவதுதான். அந்தப் பொறுப்பு வீட்டில் ஒரே ஒரு கருவியிடம் இருக்க வேண்டும். எதனிடமும் இல்லாவிட்டால் இரண்டாவது கணினிக்கு இணையம் வராது; இரண்டு கருவிகளிடம் இருந்தால் இரண்டு கணினிகளுமே தடுமாறக்கூடும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் படிகள் எளிதாகப் புரியும்.

பங்கீடு எப்படி நடக்கிறது

இணையச் சேவை நிறுவனம் ஒரு வீட்டு இணைப்புக்குப் பொதுவாக ஒரே ஒரு ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்ணைத்தான் தருகிறது. இன்றும் பரவலாகப் பயன்படும் நான்காம் பதிப்பு ஐபி முகவரி 32 பிட் நீளமுடையது என்பதால், உலகம் முழுவதற்கும் சேர்த்து ஏறக்குறைய 430 கோடி முகவரிகள்தான் உண்டு. இவை போதாமல் போகும் என்பது தெரிந்ததும், பல கணினிகள் ஒரே முகவரிக்குப் பின்னால் நின்று இணையத்தைப் பயன்படுத்தும் முகவரி மாற்று முறை 1994-இல் எழுத்தில் வரையறுக்கப்பட்டது. வீடுகளும் அலுவலகங்களும் தமக்குள் மட்டும் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய முகவரித் தொகுதிகள் எவை என்பதை 1996-இல் வெளியான வரையறை சொல்கிறது: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை. உங்கள் கணினியின் முகவரி 192.168.1.5 என்று இருந்தால், இதே முகவரி பக்கத்து வீட்டுக் கணினிக்கும் இருக்கலாம். அது வீட்டு வாசலைத் தாண்டி வெளியே செல்லாத முகவரி என்பதால் குழப்பம் வருவதில்லை.

ரூட்டர் என்னும் கருவி இங்கே இரண்டு வேலைகளைச் செய்கிறது. கணினி ஒன்று வலையமைப்பில் சேர்ந்தவுடன் அதற்கு ஓர் உள்முகவரியைக் கொடுப்பது முதல் வேலை. இதற்கு டிஎச்சிபி என்று பெயர். அந்தக் கணினி இணையத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு தகவல் துண்டின், அதாவது பொட்டலத்தின், மேலும் இருக்கும் உள்முகவரியை எடுத்துவிட்டு, நிறுவனம் தந்த பொது முகவரியை எழுதி அனுப்புவது இரண்டாவது வேலை. இது நேட் எனப்படுகிறது. இரண்டு கணினிகளும் ஒரே நொடியில் ஒரே இணையதளத்தைத் திறந்தாலும், ஒவ்வோர் உரையாடலுக்கும் தனித்தனி போர்ட் எண்ணைக் குறித்து ரூட்டர் ஒரு பட்டியலை வைத்திருப்பதால், திரும்பி வரும் பதில் எந்தக் கணினிக்கு உரியது என்பது அதற்குத் தெரிந்துவிடுகிறது. பட்டியலில் இல்லாத, யாரும் கேட்காமல் வெளியிலிருந்து தானாக வந்து கதவைத் தட்டும் பொட்டலங்கள் எந்தக் கணினிக்கும் போகாமல் அங்கேயே நின்றுவிடும். இதனால் கிடைக்கும் பாதுகாப்பும் சிறிதல்ல. கணினியை நேராக மோடத்தில், அதாவது வெளியிலிருந்து வரும் கம்பியின் சமிக்ஞையைக் கணினிக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டியில், மாட்டிப் பயன்படுத்துபவர்கள், ஒரே கணினி வைத்திருந்தாலும் நடுவில் ஒரு ரூட்டரை வைத்துக்கொள்வது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

முதலில் பெட்டியைப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன், சுவரோரம் இருக்கும் பெட்டியைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். தொலைபேசிக் கம்பியோ, தொலைக்காட்சிக் கேபிளோ, கண்ணாடி இழையோ வந்து சேரும் துளை ஒன்று இருக்கும். அதைத் தவிர, கணினிக்குப் போகும் கம்பியை மாட்டும் ஈதர்நெட் துளை ஒன்றே ஒன்று இருந்து, வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் அச்சிட்ட ஒட்டுத்தாளும் இல்லையென்றால், அது பெரும்பாலும் வெறும் மோடம். கண்ணாடி இழை இணைப்பில் இதே இடத்தில் இருக்கும் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். நான்கு ஈதர்நெட் துளைகள் வரிசையாக இருந்தால், அல்லது வைஃபை ஒட்டுத்தாள் இருந்தால், மோடமும் ரூட்டரும் ஒன்றாகச் சேர்ந்த பெட்டி அது. அண்மைக் காலத்தில் நிறுவனங்கள் தருபவை பெரும்பாலும் இந்த வகைதான்.

தோற்றத்தை மட்டும் நம்பிவிட வேண்டாம். நான்கு துளைகள் உள்ள பெட்டியையும் பிரிட்ஜ் நிலையில், அதாவது ரூட்டர் வேலையை நிறுத்தி வைத்து வெறும் மோடமாக, நிறுவனம் அமைத்திருக்கக்கூடும். இதைக் கண்டறிய நல்ல வழி ஒன்று உண்டு. இப்போது இணையம் வரும் கணினியில், பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து 'கனெக்ட்' பொத்தானை அழுத்திய பிறகுதான் இணைப்பு கிடைக்கிறதா? அப்படியென்றால் பிபிபிஓஇ என்னும் அந்த உள்நுழைவைக் கணினியே செய்கிறது. பெட்டி வெறும் மோடமாகத்தான் வேலை செய்கிறது. கணினியை இயக்கியதும் இணையம் தானாக வருகிறது, வலையமைப்பு விவரங்களில் முகவரி 192.168 என்று தொடங்குகிறது, 'கேட்வே' என்று காட்டும் முகவரியை உலாவியில் தட்டினால் உள்நுழைவுப் பக்கம் ஒன்று திறக்கிறது என்றால், ரூட்டர் ஏற்கெனவே உங்கள் வீட்டில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்விட்ச் என்னும் பெட்டி பார்ப்பதற்கு ரூட்டர் போலவே இருக்கும்; விலையும் குறைவு; துளைகளும் நிறைய. ஆனால் அது வரும் பொட்டலங்களை உரிய துளைக்கு அனுப்புமே தவிர, முகவரி கொடுக்காது, முகவரி மாற்றவும் செய்யாது. வெறும் மோடத்தில் ஸ்விட்சை மாட்டி இரண்டு கணினிகளையும் இணைத்தால், நிறுவனம் தரும் ஒரே முகவரி முதலில் கேட்ட கணினிக்குப் போய்விடும். மற்றது வெறுங்கையோடு நிற்கும். ஸ்விட்சின் இடம் ரூட்டருக்குப் பின்னால்தான். ரூட்டரின் துளைகள் போதாதபோது மட்டும் அது தேவைப்படும்.

ரூட்டர் ஏற்கெனவே இருந்தால்

வேலை மிக எளிது. இரண்டாவது கணினியிலிருந்து ஓர் ஈதர்நெட் கேபிளைக் கொண்டுவந்து காலியாக உள்ள 'லேன்' துளையில் மாட்டுங்கள். அல்லது ஒட்டுத்தாளில் உள்ள வைஃபை பெயரைத் தேர்ந்து கடவுச்சொல்லை இடுங்கள். கணினியின் வலையமைப்பு அமைப்பில் ஐபி முகவரி 'ஆட்டோமேட்டிக்' என்ற நிலையில் இருக்க வேண்டும். முன்பு வேறிடத்தில் பயன்பட்ட கணினியாக இருந்தால், யாராவது முகவரியைக் கையால் எழுதி வைத்திருக்கக்கூடும். அதை அழித்துவிட்டுத் தானியங்கி நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

கேபிளைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். கணினி, ரூட்டர், நிறுவனம் என்று எல்லாரையும் சந்தேகித்துவிட்டுக் கடைசியில் கேபிளில் வந்து முடியும் சிக்கல்கள் ஏராளம். கேபிளின் முனையில் உள்ள தெளிந்த பிளாஸ்டிக் பிளக்கை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். பூட்டும் தாழ் பின்பக்கமும், பொன்னிற முனைகள் மேலேயும் இருக்குமாறு பிடித்தால், எட்டுச் சிறு கம்பிகள் இடமிருந்து வலமாகத் தெரியும். பரவலாக உள்ள வரிசை இது: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறிய இன்னொரு வரிசையும் உண்டு. இரு முனைகளிலும் ஒரே வரிசை இருந்தால் போதும். இந்த எட்டில் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேகத்துக்கு ஆரஞ்சு, பச்சை இணைகளின் நான்கு கம்பிகள் மட்டுமே வேண்டும். 1,000 எம்பிபிஎஸ் வேகத்துக்கு எட்டும் வேண்டும். ஆகவே நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி உள்ளே அறுந்திருந்தால், இணைப்பு வரும், ஆனால் பல கருவிகளில் வேகம் 100-க்கு இறங்கிவிடும். எச்சரிக்கை எதுவும் தோன்றாது. 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டியும் ஒரு கணினியில் மட்டும் வேகம் 95-க்கு மேல் ஏறவில்லையென்றால், முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். விண்டோஸ் அமைப்புகளில் ஈதர்நெட் பக்கத்தில் 'லிங்க் ஸ்பீட்' என்ற வரி 100 என்று காட்டுகிறதா, 1000 என்று காட்டுகிறதா என்பதே போதுமான சான்று. கணினியின் ஈதர்நெட் கார்டு பழையதாக இருந்தாலும் 100 என்றுதான் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

புதிதாகக் கேபிள் வாங்கினால் 'கேட் 5இ' அல்லது அதற்கு மேற்பட்ட வகை வாங்குங்கள்; 100 மீட்டர் நீளம் வரை அது 1,000 எம்பிபிஎஸ் வேகத்தைத் தாங்கும். பூட்டும் தாழ் ஒடிந்துபோன கேபிளைப் பயன்படுத்த வேண்டாம். மாட்டும்போது 'டக்' என்று பூட்டாத பிளக், மேசையை நகர்த்தும்போதெல்லாம் ஒரு மயிரிழை வெளியே வந்து இணைப்பை அறுக்கும். அந்தக் குறையைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

வெறும் மோடம் மட்டும் இருந்தால்

இப்போது ஒரு ரூட்டர் வாங்க வேண்டும். மோடத்தின் ஈதர்நெட் துளையிலிருந்து வரும் கேபிளை ரூட்டரின் 'வேன்' துளையில் மாட்டுங்கள். பல ரூட்டர்களில் இந்தத் துளைக்கு மட்டும் தனி நிறம் இருக்கும், சிலவற்றில் 'இன்டர்நெட்' என்று எழுதியிருக்கும். இரண்டு கணினிகளும் 'லேன்' துளைகளில் அல்லது வைஃபையில் இணைய வேண்டும். கணினி ஒன்றில் உலாவியைத் திறந்து, ரூட்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் முகவரியைத் தட்டினால் அமைப்புப் பக்கம் வரும். நிறுவனம் தந்த பிபிபிஓஇ பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் இங்கேதான் ஒரு முறை எழுதி வைக்க வேண்டும். அதன் பிறகு எந்தக் கணினியிலும் 'கனெக்ட்' அழுத்தத் தேவையில்லை. முன்பு கணினியில் உருவாக்கி வைத்திருந்த அந்த இணைப்பை நீக்கிவிடுவதும் நல்லது.

பயனர்பெயர் எதுவும் இல்லாத சேவைகளில் ரூட்டர் தானாகவே முகவரியைப் பெற்றுக்கொள்ளும். ஆனால் சில நிறுவனங்களின் கருவிகள், முதலில் மாட்டிய கணினியின் ஈதர்நெட் கார்டு எண்ணை, அதாவது மேக் முகவரியை, நினைவில் வைத்துக்கொண்டு அதற்கு மட்டுமே இணையம் தரும். ரூட்டரை மாட்டியதும் இணையம் வராமல் பழைய கணினியை நேராக மாட்டினால் மட்டும் வருகிறது என்றால், இதுதான் நிலைமை. மோடத்தின் மின்சாரத்தைத் துண்டித்துச் சில நிமிடங்கள் கழித்து, ரூட்டரோடு சேர்த்து மீண்டும் இயக்குங்கள். முதலில் மோடம், அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரூட்டர், கடைசியில் கணினிகள் என்ற வரிசை முக்கியம். அப்படியும் வராவிட்டால், ரூட்டர் அமைப்பில் 'மேக் குளோன்' என்ற வசதியைக் கொண்டு பழைய கணினியின் எண்ணை ரூட்டருக்குக் கொடுக்கலாம், அல்லது புதிய எண்ணைப் பதிவு செய்யும்படி நிறுவனத்திடம் கேட்கலாம்.

வைஃபை அமைக்கும்போது

இரண்டில் எந்தக் கணினி இடம் மாறாமல் ஒரே மேசையில் இருக்கிறதோ அதற்குக் கேபிளையும், கையில் எடுத்துச் செல்லும் மடிக்கணினிக்கு வைஃபையையும் ஒதுக்குவது என் பரிந்துரை. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டித் தொலைவு செல்லும், ஆனால் வேகம் குறைவு. மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது தடுமாறவும் செய்யும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் இரண்டு சுவர்களுக்கு அப்பால் சோர்ந்துவிடும். ரூட்டரை அலமாரிக்குள்ளோ தொலைக்காட்சிக்குப் பின்னாலோ மறைத்து வைக்காமல், தரையிலிருந்து உயரமாக, வீட்டின் நடுப்பகுதியில் திறந்தவெளியில் வையுங்கள். அக்கம்பக்கத்தில் வைஃபைகள் நிறைந்திருந்தால், 2.4 அலையில் ஒன்றன்மேல் ஒன்று படியாத 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதையும், இல்லாவிட்டால் டபிள்யூபிஏ2-ஐயும் தேர்ந்தெடுங்கள். டபிள்யூஇபி என்ற பழைய வகையைச் சில நிமிடங்களில் உடைத்துவிட முடியும் என்பதால் அதை எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தக் கூடாது. வைஃபை கடவுச்சொல் வேறு, ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்கான கடவுச்சொல் வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டாவதை மாற்றாமல் விட்டால், வைஃபைக்குள் வந்த யாரும் உங்கள் இணைப்பு முழுவதையும் திருப்பி அமைத்துவிட முடியும். இரண்டையும் முதல் நாளிலேயே மாற்றிவிடுங்கள்.

ரூட்டர் இல்லாமல், ஒரு கணினி வழியாக

ரூட்டர் வாங்க முடியாத நிலையிலும், சில நாள் தேவைக்கும், ஒரு கணினியையே பங்கிட்டுக் கொடுக்கும் கருவியாக்கலாம். அதற்கு அந்தக் கணினியில் இரண்டு வலையமைப்பு வழிகள் வேண்டும்: ஒன்று மோடத்துக்கு, மற்றது இரண்டாவது கணினிக்கு. ஈதர்நெட் துளையும் வைஃபையும் உள்ள மடிக்கணினியில் இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரே ஒரு ஈதர்நெட் துளை மட்டும் உள்ள மேசைக்கணினிக்கு யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் ஒன்று போதும்.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் எளிய வழி 'மொபைல் ஹாட்ஸ்பாட்'. அமைப்புகளில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதிக்குச் சென்று, எந்த இணைப்பைப் பகிர வேண்டும் என்பதில் ஈதர்நெட்டையும், எதன் வழியாக என்பதில் வைஃபையையும் தேர்ந்து இயக்கினால், அந்தக் கணினியே ஒரு வைஃபை நிலையமாகிவிடும். எட்டுக் கருவிகள் வரை அதில் சேரலாம். எந்தக் கருவியும் சேராதபோது ஹாட்ஸ்பாட் தானாக அணையும் மின்சேமிப்பு வசதி ஒன்று அதே பக்கத்தில் இருக்கும். அதை நிறுத்தி வைத்தால் அடிக்கடி மீண்டும் இயக்க வேண்டியதில்லை.

கேபிள் வழியாகப் பகிர வேண்டுமென்றால், 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலிருந்து இன்றுவரை தொடரும் 'இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங்' வசதி இருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் வலையமைப்பு இணைப்புகளின் பட்டியலைத் திறந்து, இணையம் வரும் இணைப்பின் மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, 'ப்ராப்பர்ட்டீஸ்' என்பதற்குள் 'ஷேரிங்' தாவலில் உள்ள முதல் பெட்டியில் குறியிடுங்கள். பலரும் தவறவிடுவது இந்த இடத்தில்தான்: குறியிட வேண்டியது மோடத்தின் பக்கம் இருக்கும் இணைப்பில், இரண்டாவது கணினியின் பக்கம் இருப்பதில் அல்ல. மாற்றிக் குறியிட்டால் முதல் கணினியின் இணையமும் போய்விடும். சரியாகக் குறியிட்டால், இரண்டாவது கணினியை நோக்கும் அடாப்டருக்கு விண்டோஸ் தானாக 192.168.137.1 என்ற முகவரியைச் சூட்டிவிடும். இரண்டாவது கணினிக்கும் 192.168.137 என்று தொடங்கும் முகவரி கிடைக்கும். அது கிடைத்திருந்தால் பகிர்வு வேலை செய்கிறது என்று பொருள். கணினியை மறுதொடக்கம் செய்த பிறகு பகிர்வு நின்றுபோனால், குறியை எடுத்துவிட்டு மீண்டும் இட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆப்பிளின் மேக் கணினியில் அமைப்புகளின் 'ஜெனரல்' பகுதியில் 'ஷேரிங்' என்பதற்குள் 'இன்டர்நெட் ஷேரிங்' இருக்கிறது. லினக்ஸில் நெட்வொர்க் மேனேஜர் இருந்தால், இரண்டாவது கணினியை நோக்கும் இணைப்பின் ஐபிவி4 பகுதியில் 'ஷேர்ட் டு அதர் கம்ப்யூட்டர்ஸ்' என்பதைத் தேர்ந்தால் போதும். அங்கே குறியிட வேண்டிய பக்கம் விண்டோஸுக்கு நேர் எதிரானது என்பதைக் கவனியுங்கள். இரண்டு கணினிகளையும் இணைக்க, ஒரு முனையில் கம்பி வரிசை மாறிய குறுக்குக் கேபிள் வேண்டும் என்பது பழைய அறிவுரை. இன்றைய ஈதர்நெட் கார்டுகள் கம்பிகளின் வரிசையைத் தாமே கண்டறிந்து சரிசெய்துகொள்வதால் சாதாரணக் கேபிளே போதும்.

இந்த முறையில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. முதல் கணினியை அணைத்தாலோ, அது தூக்க நிலைக்குப் போனாலோ, புதுப்பிப்புக்காக மறுதொடக்கம் ஆனாலோ, இரண்டாவது கணினியில் நடந்துகொண்டிருக்கும் தேர்வும் கூட்டமும் அந்த நொடியே அறுந்துபோகும். ஒருவருடைய வேலை மற்றவருடைய கணினியை நம்பி நிற்கும் நிலை, ஒரு வீட்டுக்குள்ளும் நல்ல ஏற்பாடு அல்ல. இதைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்றால், முதல் கணினியின் தூக்க நேரத்தை 'நெவர்' என்று மாற்றி வையுங்கள்.

இரண்டு ரூட்டர்கள் இருந்தால்

மாடி அறைக்கு வைஃபை எட்டவில்லை என்பதற்காக, சும்மா கிடந்த பழைய ரூட்டர் ஒன்றை என் வீட்டில் ஒரு முறை மாட்டினேன். கீழே உள்ள ரூட்டரின் லேன் துளையிலிருந்து மேலே உள்ளதன் லேன் துளைக்கு ஒரு கேபிள். அன்று எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் மேசைக்கணினியில் இணையம் வந்து வந்து போனது. மடிக்கணினியில் ஒரு தளம் திறந்தது, மறு நிமிடம் அதே தளம் திறக்கவில்லை. கேபிளை மாற்றினேன், சேவை நிறுவனத்தை அழைத்தேன், அவர்கள் தங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். இரண்டு ரூட்டர்களுக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி; இரண்டிலும் டிஎச்சிபி ஓடிக்கொண்டிருந்தது. கணினி வெளியே அனுப்ப வேண்டிய பொட்டலத்தைச் சில வேளை கீழ் ரூட்டரிடமும், சில வேளை இணையமே இல்லாத மேல் ரூட்டரிடமும் ஒப்படைத்தது. இரண்டு நாட்கள் வீணாயின.

இதற்குத் தீர்வு எளிது. இரண்டாவது ரூட்டரில் 'ஆக்சஸ் பாயின்ட்' நிலை இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால், அதை ஒரு கணினியோடு மட்டும் இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, டிஎச்சிபியை நிறுத்தி, அதன் பிறகு லேன் துளையிலிருந்து லேன் துளைக்குக் கேபிளை மாட்டுங்கள். இப்போது முகவரி கொடுப்பது ஒரே பெட்டி. இரண்டாவது ரூட்டரின் வேன் துளையில் மாட்டினாலும் இணையம் வரக்கூடும். ஆனால் முகவரி இரண்டு முறை மாறுவதால், கீழ்த்தளக் கணினியிலிருந்து மேல்தளக் கணினியில் உள்ள கோப்பை எடுக்க முடியாமல் போகும், சில விளையாட்டுகளும் அழைப்புகளும் தடுமாறும்.

வேகம் எப்படிப் பிரிகிறது

இரண்டு கணினிகள் இணைந்தால் வேகம் நிரந்தரமாகப் பாதியாகிவிடும் என்ற அச்சம் தேவையில்லை. ஒரு கணினி சும்மா இருக்கும்போது மற்றதற்கு முழு வேகமும் கிடைக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கேட்கும்போதுதான் பங்கு பிரிகிறது. 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 100 மெகாபிட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், பதிவிறக்கத்தில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் வராது. 1 ஜிபி கோப்பு இறங்க ஏறக்குறைய 80 நொடிகள் ஆகும். இரண்டு கணினிகளும் ஒன்றாக இறக்கினால் அது இரட்டிப்பாகும்.

உண்மையான தொல்லை பதிவேற்றத்தில்தான் இருக்கிறது. பல வீட்டு இணைப்புகளில் பதிவேற்ற வேகம் பதிவிறக்கத்தைவிட மிகக் குறைவு. ஒரு கணினி நூற்றுக்கணக்கான புகைப்படங்களை மேகச் சேமிப்புக்கு அனுப்பத் தொடங்கியதும், அந்தப் பொட்டலங்கள் மோடத்தின் வரிசையில் முண்டியடித்து நிற்கின்றன. மற்றக் கணினியின் காணொளி அழைப்பு அனுப்பும் சிறு பொட்டலமும், ஒரு பக்கத்தைத் திறக்கக் கேட்கும் சிறு கோரிக்கையும் அதே வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியிருக்கிறது. குரல் வெட்டுப்படுகிறது, படம் உறைகிறது. 'நீ எதையோ இறக்குகிறாய்' என்று வீட்டில் எழும் குற்றச்சாட்டுகள் பலவற்றின் பின்னால் இருப்பது பதிவேற்றம்தான். மேகச் சேமிப்புச் செயலியின் அமைப்பில் பதிவேற்ற வேகத்துக்கு ஓர் உச்சவரம்பை வைப்பது எளிய மருந்து. எந்தப் பொட்டலம் முதலில் போக வேண்டும் என்று ஒழுங்குபடுத்தும் 'க்யூஓஎஸ்' வசதி ரூட்டரில் இருந்தால், பதிவேற்றம், பதிவிறக்கம் இரண்டின் வரம்பையும் நீங்கள் அளந்து பார்த்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதமாக எழுதி வையுங்கள். வரிசை மோடத்தில் சேராமல் ரூட்டரிலேயே ஒழுங்காகும். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தாலும் இருவரின் வேலையும் தடையின்றி நடக்கும்.

இணையம் வராவிட்டால்

இரண்டாவது கணினியின் ஐபி முகவரியை முதலில் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், முகவரி கேட்டும் யாரும் பதில் சொல்லவில்லை என்று பொருள். கணினி தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டிருக்கிறது. கேபிள், துளையில் எரியும் விளக்கு, ரூட்டரின் டிஎச்சிபி ஆகியவற்றைச் சரிபாருங்கள். முகவரி சரியாக இருந்தும் இணையம் வராவிட்டால், கட்டளைச் சாளரத்தில், மறுமுனை பதில் தருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளையோடு ரூட்டரின் முகவரியைத் தட்டுங்கள். பதில் வந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி. அடுத்து, வீட்டுக்கு வெளியே இணையத்தில் உள்ள 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங் செய்யுங்கள். அதற்கும் பதில் வந்து, தளங்கள் மட்டும் திறக்கவில்லையென்றால், பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் சேவையில்தான் பிழை. ரூட்டரில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று இட்டுப் பாருங்கள். ரூட்டருக்குப் பதில் வந்து 8.8.8.8-க்கு வரவில்லையென்றால், முதல் கணினியிலும் அதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டிலும் வராதபோதுதான் நிறுவனத்தை அழைக்க வேண்டும்.

சில தளங்கள் மட்டும் பாதி திறந்து நின்றுபோவது பிபிபிஓஇ இணைப்புகளில் வரும் தனி வகைக் குறை. ஓர் ஈதர்நெட் பொட்டலம் வழக்கமாகச் சுமக்கக்கூடிய உச்ச அளவு 1,500 பைட். பிபிபிஓஇ அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் மீதம் 1,492. ரூட்டர் அமைப்பில் இந்த உச்ச அளவைக் குறிக்கும் 'எம்டியு' என்ற இடத்தில் 1500 என்றிருந்தால் 1492 என்று மாற்றுங்கள்.

இரண்டு கணினிகளும் இணையத்தில் இணைந்தபின், ஒன்றில் உள்ள கோப்பை மற்றதில் திறக்கவும், ஒரே அச்சுப்பொறியை இரண்டும் பயன்படுத்தவும் முடியும். விண்டோஸில் வீட்டு வலையமைப்பை 'பிரைவேட்' என்று குறித்து, பகிர வேண்டிய கோப்புறையின் மேல் 'ஷேரிங்' அனுமதி கொடுங்கள். முழு இயக்ககத்தையும் பகிர வேண்டாம். ஒரு கோப்புறை போதும். அதே மடிக்கணினியை வெளியே எடுத்துச் சென்று பொது வைஃபையில் இணைக்கும்போது, அந்த வலையமைப்பு 'பப்ளிக்' என்று இருக்கிறதா என்பதைத் தவறாமல் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்காகத் திறந்து வைத்த கோப்புறை அங்கிருக்கும் மற்றவர்களின் கணினிகளுக்கும் தெரியும்.